இரண்டு நாட்டுக் கணக்கும் ஒரு நிச்சயதார்த்தமும்

கண்ணு,

நீ அனுப்பிய தடித்த உறை முந்தாநாள் மத்தியான பஸ்ஸில் மலைக்கு வந்து சேர்ந்தது. உள்ளே இரண்டு இருந்தன. ஒன்று, அலுவலகத்துக்காக நீ எழுதிய கட்டுரை. இந்தியாவிலும் இலங்கையிலும் தொழிலாளர் பங்கேற்பு விகிதம் எப்படி வேறுபடுகிறது என்று அட்டவணை போட்டு, கோடு வரைந்து, அழகாகத் தட்டச்சு செய்திருக்கிறாய். மற்றது எனக்கு நீ எழுதிய ஒரு பக்கக் கடிதம். கட்டுரையைத்தான் முதலில் படித்தேன். பிள்ளைகளின் விடைத்தாளைப் படித்துப் பழகிய கண் அல்லவா, பென்சிலை எடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். திருத்த ஒன்றும் இல்லை. பிறகு கடிதத்தைப் படித்தேன். தை மாதம் நடக்க வேண்டிய உன் கல்யாணம் நடக்குமா என்று உனக்கே சந்தேகம் வந்திருப்பது தெரிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போக வேண்டாம், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ராஜினாமா கொடுத்துவிட்டு டெல்லிக்கு வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஜெயாவுக்கு எழுதினாய். அதற்கு அவள் பதில் போடவில்லை. அடுத்த கடிதத்துக்கும் போடவில்லை. அவளுடைய அப்பா உனக்கு போன் செய்து, பெண் கொஞ்சம் யோசிக்கிறாள், பத்திரிகை அடிப்பதைத் தள்ளி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். நான் சேலத்துக்கு இறங்கிப் போய் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். கடைசி வரியில், "நீ பட்ட பாட்டை அவள் படக் கூடாதம்மா" என்று முடித்திருக்கிறாய். அந்த வரியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உன் கட்டுரைக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

வேலை செய்யும் வயதில் இருக்கிறவர்களில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், அல்லது வேலை தேடுகிறார்கள் என்பதுதான் பங்கேற்பு விகிதம் என்று நீ முதல் பக்கத்தில் விளக்கியிருக்கிறாய். எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. தலைச்சோலைப் பள்ளிக்கூடத்தில் நான் வருடா வருடம் அந்தக் கணக்கைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். புது வகுப்பு சேர்ந்ததும் ஒவ்வொரு பிள்ளையிடமும் அப்பா என்ன செய்கிறார், அம்மா என்ன செய்கிறார் என்று கேட்பது என் வழக்கம். மலைக்காரப் பிள்ளைகள் எல்லாரும் அம்மா சும்மா இருக்காங்க என்பார்கள். ஒருநாள் அப்படிச் சொல்லி முடித்த பையனின் அம்மாவே தலையில் விறகுச் சுமையோடு ஜன்னலுக்கு வெளியே ஏறிப் போனாள். "அது யாரு?" என்றேன். "எங்கம்மாதானுங்க டீச்சர்." "சும்மா இருக்காங்கன்னு சொன்னே?" "ஆமாங்க டீச்சர். சும்மாதான் வெறகு கொண்டாறாங்க." அதே வகுப்பில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர்களைக் கேட்டால் அம்மாவின் வேலையைத்தான் முதலில் சொல்வார்கள், அப்பாவுடையது பிறகுதான் வரும். அந்த வித்தியாசம் அப்போதே எனக்கு விசித்திரமாக இருந்தது.

எழுபதுகளில் மலைக்கு வந்த குடும்பங்கள் அவை. தேயிலைத் தோட்டத்தில் வருடக்கணக்கில் இருந்துவிட்டு, கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, சொந்தக்காரர் யாராவது இருக்கும் மலையாகப் பார்த்து வந்து ஏறியவர்கள். மாரியாயி குடும்பம் வெள்ளக்கடைக்கு வந்ததும் அப்படித்தான். அவளுடைய வீட்டுக்காரரின் அக்கா நாகம்மாள் நமக்குப் பக்கத்து வீடு, வாழவந்தியில். ஆத்தூர்ப் பக்கத்து ஒரே குடும்பம்; அப்பா அம்மா பஞ்சம் பிழைக்கத் தம்பியோடு இலங்கைக்குக் கப்பல் ஏறினார்கள், நாகம்மாளை மட்டும் சொந்தத்தில் இங்கே கட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அக்காவும் தம்பியும் மறுபடி ஒருவரையொருவர் பார்த்தபோது இருவருக்கும் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

நாகம்மாளை உனக்கு நினைவிருக்கும். உனக்கு கமலா ஆரஞ்சு உரித்துக் கொடுப்பாள். அவளும் கல்யாணமான புதிதில் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவள்தான். பிறகு அவர்கள் கொஞ்சம் நிலம் வாங்கினார்கள். பத்திரம் முடிந்த அன்று சாயங்காலம் முந்தானையில் பழம் கட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தாள். "ஏனுங்க டீச்சரம்மா, இனி நான் எஸ்டேட்டுப் பக்கமே போறதில்லைங்க. ஊட்டுலயே இருந்துக்கோன்னு அவரு சொல்லிப்போட்டாருங்க" என்றாள். நகை வாங்கிக் கொடுத்திருந்தால்கூட அந்த முகம் அப்படி மலர்ந்திருக்காது. மறுநாள் விடிவதற்குள் மண்வெட்டியோடு சொந்தக் காட்டில் இறங்கிவிட்டாள். எருச் சுமந்தாள், குழி எடுத்தாள், மிளகுக் கொடி ஏற்றினாள், இரண்டு மாடு கட்டினாள். யாராவது கேட்டால், "சும்மாதானுங்க இருக்கறேன்" என்று பெருமையாகச் சொல்வாள். உன் அட்டவணையில் இந்திய நிரலில் கோடு இறங்கும் இடத்தில் எனக்கு நாகம்மாளின் முகம்தான் தெரிந்தது.

மாரியாயிக்கு புஷ்பம் என்று ஒரு மகள். நாகம்மாளின் மகன் மணிக்கு முறைப்பெண். இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போய், வெள்ளக்கடையில் மாரியாயி குடியிருந்த எஸ்டேட் வீட்டில் நிச்சயம் செய்ய நாள் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டோடு நானும் உன் அப்பாவும் போனோம். நல்ல பனி. கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். வெற்றிலை மாற்றுவதற்கு முன்னால் நாகம்மாள் தாம்பாளத்தை முன்னே நகர்த்தி வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "ஒண்ணு மட்டும் சொல்லிப்போடறேனுங்க. எங்க ஊட்டுக்கு வர்ற புள்ள ஒரு நாளும் கூடை தூக்க வேண்டாம். ஒரு எஸ்டேட்டு வாசலும் மிதிக்க வேண்டாம். ஊட்டுல இருந்தாப் போதும்." அவள் கொண்டு வந்த சீரிலேயே பெரிய சீர் அதுதான் என்று அவளுக்கு நினைப்பு. சொல்லிவிட்டு, சந்தோஷத்தைப் பார்க்கிற ஆசையில் தம்பி பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தாள். அங்கே சந்தோஷம் இல்லை.

"ஏன் மதினி, எம் புள்ளைக்கு என்ன கொறை?" என்றாள் மாரியாயி.

"கொறையா? ஆரு கொறை சொன்னது?"

"அவ கையில வேகம் இல்லேன்னு யாராச்சும் சொன்னாங்களா? பள்ளிக்கூடம் விட்ட கையோட தோட்டத்து வேலைக்குப் பேர் பதிஞ்ச புள்ள மதினி. பேர் பதிஞ்ச அன்னிக்கு லயத்து வீடு பூராவுக்கும் பாயாசம் வச்சோம். காலையில கணக்கப்புள்ள பேர் கூப்புட்டா மொத ஆளா நிப்பா."

"அது அந்தச் சீமையில. இங்க எதுக்கு அந்தப் பாடு? ராணியாட்டம் இருக்கட்டும்."

"அங்க பேர் இல்லாம வீட்டுல கெடக்குறவ சீக்காளி. இல்லாட்டி புருசன் சந்தேகப்பட்டுப் பூட்டி வச்சவ. எம் புள்ளைய அதுல ஒருத்தியாக்கப் பாக்குறீங்களே."

"நல்லா இருக்குது நாயம். இங்க கூடைக்குப் போறான்னா அவ புருசன் கையாலாகாதவன்னு ஊரே பேசும். எம் மவனுக்கு அந்தப் பேரு வேணுமாக்கும்?"

வாத்தியார் புத்தி, எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. வகுப்பில் சொல்வதைப் போல, நீங்கள் இரண்டு பேரும் பெண்ணுக்கு மரியாதையைத்தான் கேட்கிறீர்கள், அங்கே அது ஒரு இடத்தில் இருக்கிறது, இங்கே வேறு இடத்தில் இருக்கிறது என்று ஆரம்பித்தேன். மாரியாயி என்னைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சரும் வேலைக்குத்தான போறாங்க மதினி? அப்ப அவங்க வீட்டுக்காரரு கையாலாகாதவரா?" எல்லாருடைய தலையும் அப்பா பக்கம் திரும்பியது. அப்பா தம்ளருக்குள்ளே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாகம்மாள் சளைக்கவில்லை. "டீச்சரம்மா போறது வேலைங்களா? அது உத்தியோகமுங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அந்த வீட்டில் சிரித்தது நான் ஒருத்திதான். வெற்றிலை மாற்றவில்லை. கொண்டு போன தாம்பாளத்தை நாகம்மாள் துணி போட்டு மூடி, தானே தூக்கிக்கொண்டு பஸ்ஸேறினாள். வழி நெடுக, "நல்லதுக்குச் சொன்னதுக்கு இப்படிங்களா" என்று ஜன்னலோடு பேசிக்கொண்டு வந்தாள். அவளுடைய வருத்தம் பொய் இல்லை, கண்ணு. தனக்குக் கிடைத்ததிலேயே உயர்ந்ததை எடுத்துக் கொடுத்தாள். அதை வாங்க வேண்டியவர்கள் அவமானமாக எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மணி நம் வீட்டுக்கு வந்தான். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அப்பா உலை வைத்திருந்தார். அப்பா எஸ்டேட்டில் ரைட்டர், காலையில் ஆட்களின் பெயரைக் கூப்பிட்டு வேலை பிரிப்பவர். நான் தலைச்சோலையிலிருந்து திரும்ப நேரமாகும் என்பதால் அவர்தான் சோறு வடிப்பார். ஊர் அதைச் சொல்லிக் கேலி செய்யும், அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். "நான் என்னதானுங்க பண்றது? அம்மா ஒண்ணு சொல்லுது, அத்தை ஒண்ணு சொல்லுது" என்றான் மணி. அப்பா அரிசியைக் களைந்துகொண்டே, "புள்ள என்ன சொல்லுது?" என்று கேட்டார். "புள்ளையா? அதை ஆருங்க கேட்டா?" என்றான் மணி. சொன்ன பிறகுதான் அவனுக்கே அது உறைத்திருக்க வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டு வெள்ளக்கடைக்குக் கிளம்பிவிட்டான்.

குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த புஷ்பம் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாளாம். "கூடை எனக்கும் பிடிக்காது மச்சான். காப்பிச் செடியில ஏறுனா செவ்வெறும்பு கடிச்சுக் கொல்லுது. ஆனா நீங்க வேணாம்னு சொல்லி நான் வேலையை விட்டு நிக்க மாட்டேன்." பிறகு என்னதான் வேண்டும் என்று கேட்டிருக்கிறான். "நாத்துப் பையில மண்ணு ரொப்புற எடத்துல போடச் சொல்லுங்க. வெத மொளைக்கிறத பாக்கணும்னு ஆசையா இருக்கு. அலுத்துப் போச்சுன்னா நானே நின்னுக்குவேன். அதுக்கும் யாரும் உத்தரவு தர வேணாம்." மணி இதை உன் அப்பாவிடம் வந்து சொல்லும்போது பயந்தவன் மாதிரியும் இருந்தான், பரிசு விழுந்தவன் மாதிரியும் இருந்தான்.

கல்யாணம் நடந்தது. அப்பா புஷ்பத்தின் பெயரை நாற்று வளர்க்கும் நர்சரியில் சேர்த்தார். காலையில் அவர் பெயர் கூப்பிடுவார், அவள் முதல் ஆளாக நிற்பாள். நாகம்மாள் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அதன் பிறகு பஸ் நிறுத்தத்தில் யாரிடமோ, "எங்க மருமவ நர்சரியில உத்தியோகமுங்க" என்று அவள் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். இரண்டாவது குழந்தை பிறந்து, வீட்டுக் காப்பியும் காய்ப்புக்கு வந்த பிறகு புஷ்பம் நர்சரியிலிருந்து நின்றுகொண்டாள். யாரும் சொல்லவில்லை, அவளுக்கே தோன்றியது. இப்போது மாரியாயி முறை, அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உன் கட்டுரையில் ஒரு வாக்கியத்தின் கீழே கோடு போட்டிருக்கிறேன். குடும்ப வருமானம் உயரும்போது பெண்கள் வேலையிலிருந்து விலகுகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். சரிதான், நானும் அதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நாகம்மாளும் விலகினாள், புஷ்பமும் விலகினாள். ஒருத்தியை நிறுத்தினார்கள், ஒருத்தி நின்றுகொண்டாள். டெல்லியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே புள்ளி. அதற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன்; கணக்கு என்றால் அப்படித்தான் இருக்க முடியும். நூறு கமலாப் பழத்தைக் குவித்து வைத்து விழுக்காடு சொல்லிக்கொடுத்தபோது, இதில் அழுகியது எத்தனை என்றுதான் நானும் கேட்டேன், எந்தப் பழம் எந்த மரத்தில் காய்த்தது என்று கேட்கவில்லை. ஒரே குடும்பம் இரண்டு நாட்டில் வளர்ந்து, ஒரே விஷயத்தை ஒரு வீடு பெருமை என்றும் ஒரு வீடு இழிவு என்றும் நினைத்ததே, அது உன் இரண்டு நிரலுக்கும் நடுவில் இருக்கிறது. கட்டுரையில் அதற்கு இடமில்லாவிட்டாலும் பரவாயில்லை. உன் கல்யாணத்தில் இடம் இருக்கிறது.

இனி அந்தக் கடைசி வரி. நான் பட்ட பாடு என்று நீ எதைச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஆடி மாதச் சாரலில் நனைந்த புடவையோடு, கடைசி பஸ்ஸைத் தவற விட்டுவிட்டு, நான் நடந்து வருவதை நீ வாசற்படியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். வந்ததும் வராததுமாக, சாரலில் நனைந்திருக்கும் உனக்குத் தலை துவட்டி, விடைத்தாளை விரித்து, அதன் மேலேயே கண்ணயர்ந்துவிடுவேன். இதெல்லாம் நடந்ததுதான். ஆனால் நீ பார்த்தது நான் திரும்பி வருவதை மட்டும். நான் போவதை நீ பார்த்ததில்லை, அப்போது நீ தூங்கிக்கொண்டிருப்பாய். பங்குனியில் முதல் மழை விழுந்த பிறகு மலை முழுக்கக் காப்பி பூத்திருக்கும். சரிவெல்லாம் வெள்ளை. சில்வர் ஓக் மர நிழலில் அந்த வாசனைக்குள்ளே நடந்து போவேன். மேலேயும் கீழேயும் இருந்து, முகம் தெரியாமல், "டீச்சர், நாங்களும் வர்றோம்" என்று குரல் கேட்கும். சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பனிக்குள்ளிருந்து ஒவ்வொரு பிள்ளையாக முளைத்து வரும். பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் ஒரு ஊர்வலமே ஆகிவிடும். ஏழாம் வாய்ப்பாட்டை நடந்துகொண்டே படித்த பிள்ளைகள் அவர்கள். மழை வலுத்தால் ஓட்டுக் கூரையின் சத்தத்தில் என் குரல் எடுபடாது. பாடத்தை நிறுத்திவிட்டு எல்லாருமாக மதிய உணவு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சோளம் சுட்டுத் தின்போம். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, ஜீப்பில் கொண்டு வந்து விட்டார்கள். அந்த வழியைக் கடைசியாக ஒரு தடவை நடந்து வந்திருக்கலாமே என்றுதான் ஜீப்பில் உட்கார்ந்து நினைத்தேன். இப்போதும் பங்குனி மழைக்கு மறுநாள் கால் தானாக அந்தப் பக்கம் திரும்புகிறது.

நீ சொன்னபடி நேற்று சேலத்துக்கு இறங்கினேன். எக்ஸ்சேஞ்ச் கேன்டீனில் ஜெயா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். மெலிந்திருக்கிறாள். "ஏனுங்க அத்தை, அவரு சொல்லி அனுப்பிச்சாருங்களா?" என்றாள். "அனுப்பிச்சான் கண்ணு. ஆனா நான் அதைப் பேச வரலை" என்றேன். தம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்கு டெல்லி வர்றதுல ஒண்ணும் இல்லீங்க. மாத்தல் கிடைச்சாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். கிடைக்கலைன்னா வேலையை விடவும் தெரியும். ஆனா அவரு எழுதினதைப் படிச்சா, நான் இத்தனை நாளா ஜெயில்ல இருந்த மாதிரியும், அவரு வந்து தொறந்து விடற மாதிரியும் இருக்குதுங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு அப்படித்தான் இருந்துச்சுங்களா அத்தை?" என்று கேட்டாள்.

இத்தனை வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "சில நாள் இருந்துச்சு" என்றேன். "அவனுக்குக் காய்ச்சலா இருந்து, விட்டுட்டுப் போன நாள்ல இருந்துச்சு. மத்த நாளெல்லாம் பள்ளிக்கூட மணி அடிக்கறதுக்கு முன்னாடி போய் நிக்கணும்னு கால் பரபரக்கும்." அவள் தலையசைத்தாள். "இதை அவருகிட்டச் சொல்லியிருக்கீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "சொல்லுங்க அத்தை" என்று சொல்லிவிட்டு, நேரமாகிவிட்டது என்று உள்ளே போனாள். அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன். நீ என்மேல் உள்ள பாசத்தில்தான் அவளுக்கு அப்படி எழுதினாய், எனக்குத் தெரியாதா. நாகம்மாளும் பாசத்தில்தான் சொன்னாள்.

அவள் உன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதிப்பாளா, வேலையை விடுவாளா, மாற்றலுக்கு எழுதிப் போடுவாளா, எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. அது நான் கேட்க வேண்டியது இல்லை, கடிதத்தில் கேட்க வேண்டியதும் இல்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறு. சேலம் ஜங்ஷனில் இறங்கியதும் மலை பஸ்ஸைத் தேடி ஓடி வராதே. முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக எக்ஸ்சேஞ்சுக்குப் போ. அவள் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்வரை வாசலில் நில். உனக்கு என்ன வேண்டும் என்று கேள். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காதே. அதன் பிறகு, அவளோடு வந்தாலும் சரி, தனியாக வந்தாலும் சரி, மேலே வா. உனக்குச் சோறு வைத்திருப்பேன்.

அம்மா